வெள்ளையடித்த காடு

என் வீட்டுக்காரர் ஈஸ்வரனைச் சோம்பேறி என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. சொன்னால் நானே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போவேன். ஆனால் அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள், போன தை மாதத்தில் அந்த ஒரு நாள் மட்டும், காலை நீட்டிப் படுத்துக் கிடந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் அன்னக்கொடி. ஊர் ராசிங்காபுரம், வேலை மலைக்கு மேலே. விடிவதற்கு முன்னால் பால்பாண்டியின் ஜீப்பு ஊர் முக்கில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். தூக்குவாளியில் சோற்றை அமுக்கிக்கொண்டு ஓட வேண்டும். போடிமெட்டைத் தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் நாள் முழுக்கச் செடியடியில் குத்தவைத்துக் காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும்போது இறங்கி வர வேண்டும். அந்த ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்று அரசாங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பால்பாண்டி வேறொரு கணக்கு வைத்திருக்கிறான். இடுக்கில் ஆள், மடியில் ஆள், பின்னால் தொங்குகிற ஆள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் பக்கத்தில் உட்காரும் பொன்னுமணி என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்துவாள்.

"ஏன்டி, வண்டி உருண்டா என் கையா தாங்கப் போகுது?" என்று திட்டுவேன்.

"உருண்டா தனியா உருள வேணாம்ல" என்பாள் கழுதை.

போன ஆடியில் எங்களுக்கு முன்னால் போன ஜீப்பு வளைவில் சாய்ந்தது. மலைப் பக்கமாகச் சாய்ந்ததால் உயிர்ச் சேதம் இல்லை. பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் யார் யார் என்று அடையாளம் சொல்லக்கூட ஆள் மிஞ்சியிருக்காது. எல்லாம் பக்கத்து ஊர் சிலமலைப் பெண்கள். தூக்குவாளிகள் ரோட்டில் உருண்டு, சோறெல்லாம் கொட்டிக் கிடந்தது. அதில் ஒரு சின்னப் பெண், என் மகள் வித்யா வயதுதான் இருக்கும், நெற்றியில் ரத்தத்தோடு ரோட்டில் உட்கார்ந்து, அழக்கூடத் தோன்றாமல், காணாமல் போன ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணை நான் கைத்தாங்கலாகத் தூக்கி விட்டேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன். என் மகள் இந்த ஜீப்பில் ஏறக் கூடாது. நான் செத்தாலும் ஏறக் கூடாது.

வித்யா பிளஸ் டூவில் நல்ல மார்க்கு. நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்த வருடம் சேர்த்துவிட எங்களுக்குத் தெம்பில்லை. "ஒரு வருசம் பொறுத்துக்க ஆத்தா, அம்மா வழி பண்றேன்" என்று வீட்டில் உட்கார வைத்திருந்தேன். வழி என்று நான் நம்பியிருந்தது எங்கள் மலையடிக் காட்டைத்தான்.

எங்கள் பக்கம் காடு என்றால் வனம் இல்லை, மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம். மலை இறங்கி வந்து மூச்சு வாங்குகிற இடத்தில் எங்களுக்கும் இன்னும் சில வீட்டுக்காரர்களுக்கும் அடுத்தடுத்துத் துண்டு நிலங்கள். நாலு இலவமரம், இரண்டு புளி, மற்றபடி மொச்சையும் எள்ளும் விதைப்போம். பாதியை வெயில் தின்னும், மீதியைக் காட்டுப்பன்றி தின்னும். அப்படிக் கிடந்த நிலத்தைத் தேடிக்கொண்டுதான் மூன்று வருடத்துக்கு முன்னால் கிருபாராணி ஸ்கூட்டியில் வந்தாள்.

கிருபாராணி போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஐசக்கின் மகள். மின்விசிறிக்குக் கீழே கல்லாவில் உட்கார்ந்து வாழ வேண்டிய பெண், மரம் வளர்க்கிற ஏதோ ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துகொண்டு மலையடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். அவள் சொன்னது முதலில் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. மரங்கள் காற்றில் இருக்கிற கரியை இழுத்துத் தங்கள் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். எங்கோ ஊருலகத்தில் புகை விடுகிற கம்பெனிக்காரன், தான் விட்ட புகைக்கு ஈடாக, அந்தக் கரியைக் காப்பாற்றுகிறவர்களுக்குக் காசு தருவானாம்.

"கழுத, கரிமூட்டம் போட்டவன வனத்துறை பிடிச்சுட்டுப் போனது போக, இப்ப கரிய மரத்துலயே விட்டு வச்சா காசா? காலம் கெட்டுப்போச்சுக்கா" என்று சிரித்தான் என் தம்பி தவசி.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் கிருபாராணி இன்னொன்றும் சொன்னாள். உழக் கூடாது, தீ வைக்கக் கூடாது, ஆடு விடக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. கொஞ்சம் கன்று நாம் நட வேண்டும், மீதி தானாக வரும். மூன்றாவது வருடம் வெளியிலிருந்து ஆள் வந்து அளந்து பார்ப்பார். தேறிவிட்டால் வருடா வருடம் பங்கு. அதுபோக மலையடியில் ஒரு நாற்றுப்பண்ணை வைப்பார்கள். திட்டத்தில் நிலம் இருக்கிற வீட்டுப் பெண்களுக்கு அங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை.

"அப்போ ஜீப்பு ஏற வேணாமா?" என்றுதான் நான் கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

"வேணாம்க்கா. நடந்தே போயிட்டு நடந்தே வரலாம். நாத்துப்பண்ணைக்கு நீங்கதான் பொறுப்பா இருக்கணும்."

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு வீடாக ஏறி இறங்கி, பேசி, கெஞ்சி, சிலரைத் திட்டிக்கூட, அத்தனை பேரையும் சேர்த்தது நான்தான். கடைசியாகச் சேர்ந்தவர் என் வீட்டுக்காரர்.

அவருடைய கஷ்டம் என்னவென்று எனக்குத் தெரியும். மண்ணை நம்பிய சம்சாரிக்குக் காடு சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, நேராக மாப்பிள்ளை காட்டுக்குத்தான் போவார்கள். வரப்பில் புல் இருக்கிறதா, மூலையில் முள் மண்டியிருக்கிறதா என்று ஒரு சுற்று சுற்றி வருவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒத்தக் கோரை இல்ல ஆத்தா. கண்ண மூடிக்கிட்டு குடுக்கலாம்" என்றார். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கறுப்பா சிவப்பா என்றுகூடச் சொல்லவில்லை. அந்தக் காட்டை நம்பித்தான் எனக்குத் தாலி ஏறியது.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் உன் காட்டை அது பாட்டுக்கு விட்டுவிடு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்று சொல்லியாயிற்று. முதல் வருடம் இடுப்பளவு புல். இரண்டாம் வருடம் புதர். மூன்றாம் வருடம் உள்ளே போனால் ஆள் தெரியவில்லை. டீக்கடையில் ஆளுக்கொரு பேச்சு. "ஈஸ்வரன் காட்டுல பன்னி குட்டி போட்ருக்காம், சீர் கொண்டுபோயிட்டீகளா?" என்பார்கள். "காட்டப் போட்டுட்டு பொண்டாட்டிய மலைக்கு அனுப்பிட்டு மனுசன் ஒறங்குறாரு" என்றும் ஒருவன் சொல்லியிருக்கிறான். எல்லோரையும்விட அதிகம் கிண்டல் செய்தவன் என் உடன்பிறந்த தவசிதான். இவர் டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். அருவாளை எடுப்பார், தீட்டுவார், காட்டுக்குப் போவார், அரைமணி நேரம் நின்று பார்ப்பார், வெட்டாமல் திரும்பி வந்து அருவாளைச் சொருகி வைப்பார். எனக்கே பாவமாக இருக்கும்.

"தானா மொளைக்கிறதுதான் அவங்களுக்கு முக்கியமாம் மாமா. கொஞ்சம் பொறுத்துக்க" என்று சொல்லித்தான் இருந்தேன்.

"சரி சரி" என்பார். அவர் சரி சரி என்று இரண்டு முறை சொன்னால் ஏறவில்லை என்று அர்த்தம்.

பொங்கல் முடிந்த வாரம் கிருபாராணி வந்தாள். வெள்ளிக்கிழமை வடக்கிலிருந்து அளக்கிற சார் வருகிறார், பாதை உங்கள் காட்டில்தான் தொடங்குகிறது, அதனால் முதலில் உங்கள் காடுதான் என்றாள். இவருக்கு முகம் மாறிவிட்டது.

"நாங்க என்ன பண்ணணும் பாப்பா?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்ணே. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். முடிஞ்சா ஒரு டீ போட்டுக் குடுங்க, போதும்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இதுதான் வினை. எங்கள் ஊரில் விருந்தாளி "ஒண்ணும் வேணாம்" என்று சொன்னால் கோழியைப் பிடித்து அடிக்க வேண்டும். "சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்றால் இலை போட வேண்டும். ஒன்றும் வேண்டாம் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு சும்மா இருந்தவனை ஊர் ஏழு தலைமுறைக்குப் பேசும். போடியில் ஏலக்காய்க்கடை வைத்திருக்கிறவர் மகள், படித்த பெண், மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போகிறாள் என்று இவர் எடுத்துக்கொண்டார். எனக்கு அது தோன்றவேயில்லை. வியாழக்கிழமை வழக்கம்போல நான் ஜீப்பு ஏறிப் போய்விட்டேன்.

சாயங்காலம் இறங்கும்போது ஊர் முக்கில் தவசி காத்து நின்றான். தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு, கையெல்லாம் காவி.

"அக்கா, வீட்டுக்குப் போகாத. வெரசா காட்டுக்கு வா. மாமா ஒனக்கு ஒண்ணு காட்டணுமாம்."

"என்னடா கோலம் இது?"

"வந்து பாரு" என்று பல்லைக் காட்டினான்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. காட்டு முனையில் போய் நின்றேன். தூக்குவாளி கையிலிருந்து நழுவிவிட்டது.

வாசல் பெருக்கின மாதிரி இருந்தது எங்கள் காடு. ஒரு புல் இல்லை, ஒரு புதர் இல்லை, ஒரு சருகு இல்லை. இலவமரம், புளியமரம் எல்லாவற்றுக்கும் இடுப்பளவு வெள்ளையடித்து, மேலே காவிப் பட்டை போட்டிருந்தது. பொங்கலுக்கு வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பு மிச்சம். நாங்கள் நட்ட கன்றுகளைச் சுற்றி வட்ட வட்டமாகப் பாத்தி கட்டி, நீர் விட்டிருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் கல் அடுக்கியிருந்தது. நடுவில் தலைப்பாகையும் அருவாளுமாக என் வீட்டுக்காரர் நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது.

"எப்பிடி?" என்றார். "நாளைக்கு அந்த சாரு மொதக் கால நம்ம காட்டுலதான வைக்கப் போறாரு? காலையிலருந்து நானும் மாப்ளையும் குனிஞ்ச தல நிமிரல. ஒத்த மரத்துல கை வைக்கல அன்னம். ஒரு கொப்பக்கூட ஒடிக்கல. எல்லாம் களைதான்."

ஓரத்தில் வெட்டிய களையைக் குவித்து வைத்திருந்தார்கள், என் உயரத்துக்கு. நான் போய் அந்தக் குவியலைக் கலைத்தேன். வேங்கை. நெல்லி. உசிலை. ஈட்டி. முழங்கால் அளவு, இடுப்பளவு. கிருபாராணி காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அதில் கிடந்தது. இலை இன்னும் வாடவில்லை.

"இது என்ன?" என்றேன்.

"களை."

"இது?"

"அதுவும் களைதான். நாம நட்டமா என்ன? தானா மொளச்சது."

"அட பாவி மனுசா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "அந்தத் தானா மொளச்சத அளக்கத்தான்யா நாளைக்கு ஆளு வருது! நட்டது கொஞ்சம், தானா வர்றதுதான் அம்புட்டும்னு அந்தப் புள்ள தொண்ட கிழியச் சொல்லுச்சேய்யா! நானும் சொன்னேனேய்யா!"

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. நான் சொன்னது உள்ளே இறங்க இறங்கத்தான் ஒவ்வொரு பக்கமாகக் குறைந்து போயிற்று. தவசி காவிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"புதர யாராச்சும் அளப்பாகளா?" என்றார் மெதுவாக. "வேணாம்னு அது மரியாதைக்குச் சொல்லுச்சுன்னு நெனச்சேன்."

"என் மகள ஜீப்புல ஏத்திட்டியேய்யா" என்றேன். குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. விடிந்ததும் பார்த்தால் அவர் பாய் காலியாக இருந்தது. எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? ஓடினேன். கடப்பாரையால் குழி போட்டு, வெட்டின கன்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து நட்டு வைத்துக்கொண்டிருந்தார். நட்டு, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து, குடத்துத் தண்ணீரை ஊற்றி, அடுத்ததற்குப் போனார். காட்டில் பாதிக்கு மேல் முடித்திருந்தார். எப்போது வந்தாரோ.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

"தண்ணி விட்டா பிடிச்சுக்கிரும்ல?" என்று கேட்டார்.

பிறந்ததிலிருந்து மண்ணில் கிடக்கிற மனிதர். எது பிடிக்கும் எது பிடிக்காது என்று விதையை முகர்ந்தே சொல்கிறவர். அவர் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டார். இது ஏமாற்று வேலை, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வித்யா முகம் வந்து நின்றது. நான் திரும்பி வந்து டீ போட அடுப்பைப் பற்றவைத்தேன்.

அளக்கிற சார் நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னார். டீயை ருசித்துக் குடித்தார். அவர் பேசுவது எங்களுக்குப் புரியாது, நாங்கள் பேசுவது அவருக்குப் புரியாது, நடுவில் கிருபாராணி. காட்டு முனையில் கால் வைத்ததும் அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளையடித்த மரங்களைப் பார்த்தாள், பெருக்கின தரையைப் பார்த்தாள், வரிசையாக நட்டு வைத்திருந்ததைப் பார்த்தாள். "அண்ணே..." என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இவர் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மற்ற காட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். பொன்னுமணியும் அவள் புருஷனும் வேலி ஓரம் நின்றார்கள். சார் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடந்து ஓரிடத்தில் நின்றார். கயிறு போட்டு வட்டம் கட்டினார். அந்த வட்டத்துக்குள் இவர் விடியலில் ஊன்றிய வேங்கை ஒன்று நின்றது. இலையெல்லாம் அதற்குள் தொங்கிவிட்டது. சார் டேப்பை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் குனிந்தார்.

தொடாதே, தொடாதே, பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போய்விடு என்று குலசாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

"அத அளக்காதீங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். "அதுக்கு வேர் இல்ல."

சார் நிமிர்ந்து கிருபாராணியைப் பார்த்தார். அவள் வாய் திறக்கவில்லை. கண்ணில் நீர் முட்டி நின்றது. இவர் ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு தானே போய்க் குனிந்து அந்த வேங்கையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். கஷ்டமே இல்லாமல் வந்தது. அருவா பட்ட சாய்வான வெட்டை சாரின் கண்ணுக்கு நேராகக் காட்டினார்.

"களைன்னு நெனச்சு நான்தான் வெட்டுனேன். நட்டு வச்சதும் நான்தான். வேற யாரு மேலயும் தப்பில்ல. அவங்க காடெல்லாம் அப்பிடியே கெடக்கு. அதப் போயிப் பாருங்க சார்."

அதை மட்டும் கிருபாராணி மொழிபெயர்த்தாள். சார் அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இவர் தோளில் கையை வைத்து ஏதோ சொன்னார்.

"உண்மையச் சொன்னதுக்கு நன்றின்னு சொல்றாருக்கா" என்றாள் கிருபாராணி.

"நன்றிய வச்சு நான் என்ன, கொழம்பா வைக்க?" என்றேன். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

மற்றவர்கள் காடெல்லாம் தேறிவிட்டது. பன்றி குட்டி போட்ட புதரெல்லாம் தேறிவிட்டது. எங்கள் துண்டை மட்டும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நிலம் இல்லையென்றால் நாற்றுப்பண்ணை வேலையும் இல்லை, அதுதான் விதி. கிருபாராணி மேலிடத்தில் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு வாரம் கழித்து வந்து என் வீட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"வேரெல்லாம் மண்ணுக்குள்ள இருக்குக்கா. மழை பேஞ்சா துளுக்கும். மூணு வருசம் அப்படியே விட்டா மறுபடி சேத்துக்கலாம்" என்றாள்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று வருடம் கழித்து வேங்கை துளிர்க்கும். அதுவரைக்கும் என் மகளை எந்தக் குழியில் நட்டுவைப்பது?

மலையடியில் பச்சை வலை கட்டி நாற்றுப்பண்ணை வைத்தார்கள். பொறுப்பு பொன்னுமணிக்குப் போயிற்று. அவள் என் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"நான் வேணாம்னு சொல்லிரவா அன்னம்?"

"லூசு மாதிரி பேசாத. ஒருத்தியாச்சும் அந்த வண்டியிலருந்து எறங்குனியே, போ. போயி ஒழுங்கா தண்ணி ஊத்து" என்று விரட்டினேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். பொறாமைதான், மறைப்பானேன்? ஆனால் பொய் சொல்லக் கூடாது. எங்கள் ஜீப்பிலிருந்து அஞ்சாறு பெண்கள் இறங்கிவிட்டார்கள். காலையில் பிள்ளைகளுக்குத் தலை சீவிவிட்டு, நிதானமாக நடந்து வேலைக்குப் போகிறார்கள். அந்தத் திட்டம் நல்ல திட்டம்தான். அதனால்தான் வயிறு இன்னும் அதிகமாக எரிகிறது.

இவர் அருவாளை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். என்னோடு பேசுவதில்லை, நான்தான் பேசவில்லை என்று சொல்வது சரி. மாசி பிறந்த அன்று வித்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நானும் காய் எடுக்க வர்றேன். ரெண்டு பேரு போனா அடுத்த வருசமாச்சும் நர்சிங் சேந்துரலாம்."

"வாயக் கழுவு."

"வீட்டுல உக்காந்து என்ன பண்ண? அப்பாவப் பாக்க முடியலம்மா. நான் வீட்டுல இருக்க இருக்க அது தலையக் குனிஞ்சுக்கிட்டே திரியுது."

நான் கத்தினேன், சாபம் விட்டேன், சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தேன். அவள் அசையவில்லை. பிடிவாதம் என்னிடமிருந்து வந்ததுதானே? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்க?

திங்கட்கிழமை விடியலில் ஜீப்பு வந்து ஹாரன் அடித்தது. இவர் வித்யாவின் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு முக்கு வரைக்கும் வந்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. பால்பாண்டியிடம் போய், "அப்பு, பாத்து ஓட்டுப்பா. புள்ள இருக்கு" என்றார். இத்தனை வருடம் நான் ஏறியபோது அவர் அப்படிச் சொன்னதில்லை. வித்யா எனக்குப் பக்கத்தில், பொன்னுமணி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

மலை ஏற ஏறப் பொழுது விடிந்தது. ஒரு வளைவில் வண்டி திரும்பும்போது மலையடி முழுக்கக் கீழே தெரியும். பனி விலகி, வெயில் நேராக எங்கள் காட்டில்தான் விழுந்தது. சுற்றிலும் புதரும் புல்லும் மண்டிக் கிடக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் துடைத்து வைத்தாற்போலத் தெரிந்தது. வெள்ளையும் காவியும் பளபளத்தன. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த சிலமலைக்காரி, வண்டிக்குப் புதியவள், கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, யாரு காடு அது? ஒத்தப் புல்லு இல்ல! மரத்துக்கெல்லாம் வெள்ளையடிச்சுல வச்சிருக்கான்! இந்த வீட்டுல மட்டும் மாப்ள இருந்தா கண்ண மூடிக்கிட்டு பொண்ணு குடுக்கலாம்."

வண்டியில் விஷயம் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் மடியில் இருந்த தூக்குவாளியைப் பார்த்தார்கள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் வித்யா சொன்னாள், "எங்க அப்பா காடு."

"அப்பிடியா!" என்று அந்த அம்மாள் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி எடுத்தாள். "குடுத்து வச்ச புள்ள நீயி."

அடுத்த வளைவு வந்தது. வித்யா என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள்.